உப்புக்காற்றில் ஒரு கிற்றார்: தந்திகள் நீண்டகாலம் உழைக்க என்ன செய்யலாம்?

நத்தார் நள்ளிரவுத் திருப்பலி. கடற்கரையோரக் கிராமமொன்றின் சிறிய கோவில். பாடகர் குழாமில் ஏறத்தாழ இருபது பேர், ஓர் ஓர்கன், ஒரேயொரு கிற்றார். கிற்றார் வாசித்தது நான். காணிக்கைப் பாடல் தொடங்கிச் சிறிது நேரத்தில் ‘டிங்’ என்றொரு சத்தம். இரண்டாவது தந்தி அறுந்து புறங்கையில் அடித்தது. மாற்றுத் தந்தி கையில் இல்லை. தந்தி விற்கும் கடை நகரத்தில் இருக்கிறது. அதுவும் பண்டிகை முடியும்வரை திறக்காது. ஒரு தந்தியின் இழுவை இல்லாமற்போனதால் மிச்சமிருந்த ஐந்து தந்திகளும் சற்றுச் சுருதி விலகி நின்றன. அன்று மானத்தைக் காப்பாற்றியது ஓர்கன்தான்.

வீட்டுக்கு வந்து அறுந்த தந்தியை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். விரல் படும் நடுப்பகுதியில் அது அறுந்திருக்கவில்லை. பிரிட்ஜில் உள்ள வெள்ளைத் துண்டின்மேல், அதாவது சாடிலின்மேல், தந்தி வளைந்து இறங்கும் இடத்தில் அறுந்திருந்தது. அந்த இடத்தில் கடுகளவு கபிலநிறத் துரு. அன்றிரவு நடந்ததை விபத்து என்று சொல்ல முடியாது. மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்த ஒன்று அன்றிரவு முடிந்தது, அவ்வளவுதான்.

கிற்றார் தந்தி ஒரு சின்னப் பொருள். ஆனால் நமது நாட்டில் அது முழுக்க முழுக்க டொலரோடு கட்டப்பட்ட பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் தந்திப் பொதியின் விலையும் அதோடு ஏறியது, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மேலைத்தேய சங்கீதம் படிக்கும் பிள்ளைக்கும், கலியாண வீடுகளில் வாசித்துப் பிழைக்கும் கலைஞருக்கும், ஒரு கிற்றாரை வைத்துப் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோவிலுக்கும் இது உறைக்கும் செலவு. ஆறு வாரம் உழைக்கும் தந்தியை மூன்று மாதம் உழைக்க வைக்க முடியுமென்றால், அந்தச் செலவு பாதியாகும். அதற்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு பழைய பருத்தித் துணியும் ஒரு நிமிட நேரமும்தான்.

தந்தி எதனால் ஆனது?

அக்கூஸ்டிக் கிற்றாரில் ஆறு தந்திகள் உள்ளன. மெல்லிய முதலிரண்டும் வெறும் உருக்குக் கம்பிகள். துருவைத் தடுக்க அவற்றின்மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு இருக்கும். மற்றைய நான்கிலும் உள்ளே உருக்குக் கம்பியும், அதைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பியும் இருக்கும். அந்தச் சுற்றுக் கம்பி இரண்டு வகை. ஒன்று 80 வீதம் செப்பும் 20 வீதம் நாகமும் கலந்தது. இதைக் கடைகளில் வெண்கலம் என்பார்கள், உண்மையில் இது பித்தளை. மற்றையது செப்போடு ஏறத்தாழ 8 வீதம் வெள்ளீயமும் சிறிதளவு பொசுபரசும் கலந்த பொஸ்பர் வெண்கலம். முதல்வகை புதிதில் பளிச்சென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். இரண்டாவது வகை சற்று மென்மையாக ஒலிக்கும், அரிப்பை அதிகம் தாங்கும். மின் கிற்றாரில் சுற்றுக் கம்பி பெரும்பாலும் நிக்கல் பூசிய உருக்கு.

கிளாசிக்கல் கிற்றாரின் கதை வேறு. ஒருகாலத்தில் அதற்கு மிருகக் குடலில் திரித்த நரம்புதான் தந்தி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடல்நரம்பு கிடைக்காமற்போக, 1940களில் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்டின் என்பவர் நைலோனில் தந்தி செய்தார். ஸ்பானியக் கலைஞர் அந்திரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இன்று அந்தக் கிற்றாரில் கீழ் மூன்றும் நைலோன் இழைகள். மேல் மூன்றும் நைலோன் நூற்கற்றையின்மேல் வெள்ளிப் பூச்சிட்ட செப்புக் கம்பி சுற்றியவை. நைலோன் துருப்பிடிக்காது. ஆனால் அந்தச் செப்புச் சுற்று கறுக்கும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் தந்தி எதனால் ஆனது என்று தெரிந்தால்தான், எது அதைக் கெடுக்கிறது என்பதும் தெரியும்.

ஒலி ஏன் மங்குகிறது?

தந்தியின் மீடிறனைத் தீர்மானிப்பவை மூன்று: நீளம், இழுவை, ஒரு அலகு நீளத்தின் திணிவு. பிரெஞ்சு அறிஞர் மரின் மெர்சென் 1636 இல் எழுதிவைத்த விதி இது. முதல் இரண்டும் நம் கையில் இருக்கின்றன. மூன்றாவதுதான் நமக்குத் தெரியாமல் மாறுகிறது.

புதிய தந்தியில் திணிவு முனையிலிருந்து முனைவரை ஒரேமாதிரி இருக்கும். வாசிக்க வாசிக்க விரலின் வியர்வை, எண்ணெய், இறந்த தோல், தூசி எல்லாம் சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் இறங்கிப் படிகின்றன. அதிகம் வாசிக்கும் முதல் ஐந்து கட்டங்களில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் படியும். இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, இடுக்கில் அடைந்த அழுக்கு சுற்றுகளின் சிறு அசைவை மட்டுப்படுத்துவதால் உயர்ந்த மேற்றொனிகள் அமுங்கி, ஒலி பஞ்சில் தட்டியதுபோல் ஆகிவிடும். இரண்டு, திணிவு சீரில்லாமற்போவதால் வெறும் தந்தி சுருதியில் நின்றாலும், மேற்கட்டங்களில் அழுத்தும்போது சுருதி விலகும். ‘எவ்வளவு முறுக்கினாலும் சுருதி சேரவில்லை’ என்று முறுக்காணிகளைத் திட்டுபவர்கள் பலர். பல வேளைகளில் குற்றம் பழைய தந்தியினுடையது.

இதற்கு மேலதிகமாக அரிப்பு. வியர்வையில் உப்பும் இலக்டிக் அமிலமும் உள்ளன. உப்பில் உள்ள குளோரைட், உருக்கின் மேற்பூச்சில் எங்கே சிறு கீறல் இருக்கிறதோ அங்கே புகுந்து துருவைத் தொடங்கிவைக்கும். எல்லோர் வியர்வையும் ஒன்றல்ல. சிலர் தொட்ட தந்தி மூன்று மாதமும் பளபளக்கும். சிலர் தொட்டால் மூன்றே நாளில் கறுக்கும். அது அவரவர் உடல்வாகு.

நமது கரையோரங்களில் வியர்வைக்கு ஒரு கூட்டாளியும் இருக்கிறது. கிற்றார் செய்பவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பது 45 முதல் 55 வீத ஈரப்பதன். யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்பிலோ, மன்னாரிலோ, நீர்கொழும்பிலோ ஒரு காலைப்பொழுதில் அது 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். சோழகமோ வாடையோ, கடலில் இருந்து வரும் எந்தக் காற்றும் நுண்ணிய உப்பைக் கொண்டுவரும். யன்னலோரக் கதிரையில் சாய்த்துவைத்த கிற்றாரை யாரும் தொடாமலே துரு தொட்டுவிடும்.

வாசிக்க முன்னும் வாசித்த பின்னும்

முதல் வேலை, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடைப்பது. சோற்றுக் கையோடு, மிக்சர் தின்ற விரலோடு, கைக்குக் கிறீம் பூசிய உடனே கிற்றாரைத் தொட வேண்டாம். சொல்லும்போது சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் தந்தியில் சேரும் எண்ணெயில் பெரும்பங்கைத் தடுப்பது இதுதான்.

இரண்டாவது வேலை, வாசித்து முடித்ததும் துடைப்பது. பழைய பருத்திப் பெனியன் துணி நல்லது, மைக்ரோஃபைபர் துணி இருந்தால் இன்னும் நல்லது. முக்கியமானது துடைக்கும் முறை. பலர் துணியை மேலால் ஒருதரம் இழுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். அழுக்கும் ஈரமும் தங்குவது தந்தியின் அடிப்பக்கத்தில். ஒரு தந்தியைத் துணியால் மேலும் கீழும் சுற்றிப் பிடித்து, இரு விரலால் மெதுவாக அழுத்தி, நட்டில் இருந்து பிரிட்ஜ்வரை இரண்டு முறை இழுங்கள். பின் அடுத்த தந்தி. ஆறுக்கும் ஒரு நிமிடம் போதும். துணி கறுத்தால் அவ்வளவு அழுக்கு தந்தியை விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

துணியை மறக்காமல் தோய்த்து வையுங்கள். அழுக்குத் துணியால் துடைப்பது நேற்றைய உப்பை இன்று திரும்பப் பூசுவது போன்றது.

மூன்றாவது, ஆறிய பின் உறைக்குள் வைப்பது. மேடையில் இருந்து இறங்கி, வியர்வை காயாத கிற்றாரை உடனே பெட்டிக்குள் வைத்து மூடினால், அந்த ஈரம் உள்ளேயே இருந்து இரவு முழுக்க வேலை செய்யும். முதலில் துடையுங்கள், பத்து நிமிடம் காற்றாட விடுங்கள், பிறகு மூடுங்கள்.

எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது?

உலர்ந்த துணிக்கு வராத பிசுபிசுப்பு இருந்தால் ஐசோபுறோப்பைல் அற்ககோல் பயன்படும். மருந்துக்கடையில் கேட்கும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று விற்கப்படும் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது தந்தியில் படலமாகத் தங்கிவிடும். அற்ககோலைத் தந்தியில் நேரே ஊற்றக்கூடாது. துணியின் ஒரு மூலையை மட்டும் நனைத்து, தந்திகளுக்கும் விரற்பலகைக்கும் இடையில் ஒரு மட்டையைச் செருகிவிட்டுத் துடைக்க வேண்டும். காரணம், அற்ககோல் விரற்பலகை மரத்தை உலர்த்திவிடும். கிற்றாரின் உடலில் பட்டால் சில மெருகுகளைக் கரைக்கும். ஷெல்லாக் மெருகிட்ட கிளாசிக்கல் கிற்றாருக்குக் கிட்டவே அதைக் கொண்டுபோகாதீர்கள். நைலோன் தந்திக்கு உலர்ந்த துணி போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் மெசின் எண்ணெயும் வேண்டாம். நம் வீடுகளில் எது துருப்பிடித்தாலும் முதலில் ஞாபகம் வருவது இவைதான், பூட்டுக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் அவை சரி. சுற்றுக் கம்பியில் எண்ணெய் இறங்கினால் ஒலி அன்றே அமுங்கும். தூசி பசைபோல் ஒட்டும். தந்திக்கென்றே விற்கப்படும் மசகுகள் உள்ளன. அவற்றையும் துணியில் மிகச் சொற்பமாக எடுத்துப் பூசி, உடனே துடைத்துவிட வேண்டும்.

துருவை உரசி எடுக்க உருக்குக் கம்பளி பயன்படுத்துவோரும் உண்டு. மின் கிற்றாரில் இது ஆபத்து. உதிரும் நுண்ணிய இரும்புத் தூள் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. எந்தக் கிற்றாரிலும், உரசும்போது துருவோடு வெள்ளீயப் பூச்சும் போய்விடும். அதன்பின் துரு இன்னும் வேகமாக வரும்.

வைக்கும் இடம்

கிற்றாரைப் பெட்டியிலோ உறையிலோ வைப்பதுதான் கரையோரத்தில் பாதுகாப்பு. புதுச் சப்பாத்துப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, மூன்று நான்கைப் பெட்டிக்குள் போடலாம். அவை ஒரு கட்டத்தில் ஈரத்தால் நிறைந்துவிடும். எனவே அவ்வப்போது மாற்ற வேண்டும். அளவுக்கு மீறியும் போடக்கூடாது. மரம் மிகவும் உலர்ந்தால் வெடிக்கும். குளிரூட்டப்பட்ட அறையில் நாள்முழுக்க இருக்கும் கிற்றாருக்கு இவை தேவையேயில்லை.

வெளிச்சுவரில் தொங்கவிடுவது, குளியலறைப் பக்கச் சுவரில் சாய்த்துவைப்பது, சமையல் புகை படும் இடத்தில் வைப்பது ஆகியவற்றைத் தவிருங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுச்செல்வது தந்திக்கு மட்டுமல்ல, கிற்றாருக்கே கேடு. அந்தச் சூட்டில் பிரிட்ஜை ஒட்டிய பசை இளகக்கூடும். ஆறு தந்திகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு இரவும் தந்தியைத் தளர்த்தத் தேவையில்லை. தளர்த்துவதும் முறுக்குவதுமாக இருந்தால் வளையும் இடங்களில் உலோகம் களைத்து அறும். மாதக்கணக்காக வாசிக்கப்போவதில்லை என்றால் மட்டும் சற்றுத் தளர்த்தி வைக்கலாம்.

ஒரே இடத்தில் அறுகிறதா?

தந்தி எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் அது தந்தியின் பிழையல்ல. சாடிலில் அறுந்தால் அங்கே கூர்விளிம்பு இருக்கிறது. மிக மெல்லிய அரத்தாளால் அந்த விளிம்பை மட்டும் மெதுவாக மழுக்கலாம். நட்டில் அறுந்தாலோ, சுருதி கூட்டும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்தாலோ, வெட்டுக்குள் தந்தி சிக்குகிறது. பென்சில் முனையால் அந்த வெட்டுக்குள் நாலுதரம் கீறிவிடுங்கள், கரி நல்ல மசகு. முறுக்காணியில் அறுந்தால், கட்டும்போது தந்தி நெரிந்திருக்கிறது. இரண்டு மூன்று சுற்று மட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி வரச் சுற்றினால் போதும். எங்கள் கோவில் கிற்றாரில் துருவோடு கூர்விளிம்பும் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அந்த இரண்டாவது தந்தி அவ்வளவு சீக்கிரம் போனது.

பூச்சுள்ள தந்தியும் கொதிநீர் வைத்தியமும்

1997 இல் எலிக்ஸிர் என்ற பெயரில் மெல்லிய பொலிமர் பூச்சுள்ள தந்திகள் சந்தைக்கு வந்தன. மழையங்கித் துணியான கோர்-ரெக்ஸைச் செய்யும் அதே நிறுவனத்தின் தயாரிப்பு அது. இன்று பல நிறுவனங்கள் பூச்சுள்ள தந்திகளைச் செய்கின்றன. பூச்சு, சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் அழுக்கும் வியர்வையும் இறங்காமல் தடுக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் வியர்வை அதிகமுள்ளவருக்கும் கரையோரத்தில் இருப்பவருக்கும் கணக்குப் பார்த்தால் அது மலிவாக முடியலாம். தினமும் வாசிக்காத, பலர் கைபடும் பொதுக் கிற்றாருக்கும் அது பொருத்தம். பூச்சு இருக்கிறதென்று துடைக்காமல் விடவேண்டாம். வெட்டு முனையிலும், பூச்சுத் தேய்ந்த இடத்திலும் துரு வரத்தான் செய்யும்.

பழைய தந்தியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் புதிதாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை. சுற்றுக் கம்பியின் இடுக்கில் உள்ள எண்ணெயும் அழுக்கும் சில நிமிடங்களில் வெளியேறும், பளிச்சென்ற ஒலி திரும்பும். ஆனால் அது சில நாட்களுக்குத்தான். துருவும் தேய்மானமும் கொதிநீரில் போகாது. கழற்றி மீண்டும் கட்டும்போது வளைவுகளில் அறும் வாய்ப்பும் கூடும். நன்றாக உலர்த்தாவிட்டால் உள்ளே இருக்கும் நீரே துருவைக் கொண்டுவரும். எனவே விலையும் தடிப்பும் அதிகமுள்ள பேஸ் கிற்றார் தந்திகளுக்கு இது பயன் தரும். அக்கூஸ்டிக் கிற்றாரின் மெல்லிய தந்திகளுக்கு வேண்டாம்.

எல்லோருக்கும் புதுத் தந்தியின் ஒலி பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியத் தந்தி மாற்றமாட்டார் என்று பெயர்பெற்றவர். அவருடைய தடித்த, தட்டைச் சுற்றுத் தந்திகளின் மங்கிய ஒலிதான் அந்தப் பாடல்களின் அடித்தளம். ஒலி மங்குவது ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு நிறை. துருவும் சுருதி விலகலும் மட்டும் யாருக்கும் நிறையல்ல.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

மூன்று மாதம் அல்லது நூறு மணிநேர வாசிப்பு என்று ஒரு பொதுக்கணக்குச் சொல்வார்கள். நாட்காட்டியைவிட நம் கைகளும் காதுகளும் நல்ல சாட்சிகள். விரலால் தந்தியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிரெற்றுகள் பட்ட இடங்களில் பள்ளம் தட்டுப்பட்டால் காலம் முடிகிறது. பன்னிரண்டாவது பிரெற்றுக்கு நேர்மேலே மெதுவாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பு ஒன்றாக இருந்தவை இப்போது விலகினால் தந்தி சீர்கெட்டுவிட்டது. சொரசொரப்பான துரு தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். துருப்பிடித்த தந்தி அரத்தாள்போல் பிரெற்றுகளைத் தேய்க்கும். தந்தியின் விலையை மிச்சம்பிடிக்கப்போய், பிரெற் மாற்றும் செலவில் கொண்டுபோய் விடும்.

மாற்றும்போது ஆறையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அது தனியே கத்தும். கழற்றியவற்றில் நல்ல நிலையில் உள்ள முதலாவதையும் இரண்டாவதையும் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும். மிகுதியை முனை குத்தாதபடி சுருட்டி, பிள்ளைகளும் கோழிகளும் அண்டாத இடத்தில் போடுங்கள்.

எங்கள் பாடகர் குழாமில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. கிற்றார் உறையின் பக்கப் பைக்குள் ஒரு பெனியன் துண்டு, ஒரு சின்னக் குறடு, இரண்டு உதிரித் தந்திகள். கடைசியாக வாசித்தவர் துடைத்துவிட்டுத்தான் உறையை மூட வேண்டும். கடைசிக்கு முந்திய பாட்டோடு நழுவப் பார்க்கும் பொடியன்களும் உண்டு. ஆனாலும் துணி ஒவ்வொரு ஞாயிறும் கறுத்துத்தான் வீட்டுக்குப் போகிறது. அடுத்து வந்த நத்தாரில் காணிக்கைப் பாடல் ஆறு தந்தியோடும் முடிந்தது. உதிரித் தந்திகள் இரண்டும் இன்னும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கின்றன.